பதினாலாம் நம்பர் கவுன்சிலர்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளச் சீட்டிலும் வாக்காளர் பட்டியலிலும் மட்டும்தான் அதற்கு வேலை. மற்றபடி ஊர் முழுக்க அவர் ‘பதினாலு’. பத்தொன்பது வருடமாகப் பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவர். நாலு வருடத்துக்கு முன்னால் நகர மன்றத் தேர்தலில் நின்றபோது, வாக்குச் சீட்டில் அவருடைய சொந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் பலபேர் திண்டாடினார்களாம். அப்படியும் ஜெயித்துவிட்டார்.

அவர் தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப். நோயாளிகளும் கூட வந்தவர்களும் அங்கே வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருப்பதைத் தினமும் ஆறு தடவை கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒரு நிழற்குடை போடச் சொல்லி அப்போதைய கவுன்சிலரிடம் போய்க் கேட்டார். அந்த ஐயா வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘பென்ஷன் ஐயா’ என்றால் எல்லாருக்கும் தெரியும். “ஃபைல் மேல போயிருக்குப்பா” என்றார் அவர். மூன்று வருடம் கழித்துக் கேட்டபோதும் ஃபைல் மேலேதான் இருந்தது. பதினாலு அந்த வாரமே மனுத் தாக்கல் செய்தார்.

பிரசாரத்தில் அவர் பேசியதெல்லாம் ஒரே ஒரு பேச்சுதான். “உங்க வரிப்பணத்துல ஒத்தைக் காசு எனக்கு வேணாம். நான் பஸ் ஓட்டிச் சாப்பிட்டுக்கறேன். மிச்ச நேரம் உங்களுக்கு.” கைதட்டல் காதைப் பிளந்தது.

மிச்ச நேரம் என்பது எவ்வளவு என்று அப்போது யாரும் கேட்கவில்லை, அவர் உட்பட.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஷிஃப்ட். மதியம் ஒரு மணிக்கு பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு, சீருடைச் சட்டையின் மேல் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு மன்றத்துக்கு ஓடுவார். சாக்கடைக் குழு, விளக்குக் குழு, வரவுசெலவுக் குழு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் போக்குவரத்துப் படி என்று ஒன்று கொடுத்தார்கள். அதை வைத்து இரண்டு பேர் தாராளமாக டீ குடிக்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குறை கேட்க அவருக்குத் தனி அலுவலகம் கிடையாது. பஸ்தான் அலுவலகம். ஆனால் பஸ் ஓடும்போது யாரிடமும் வாய் திறக்க மாட்டார், சிக்னலில் நின்றால் மட்டுமே பேச்சு. சிவப்பு விளக்கு எரியும் நாற்பது வினாடிக்குள் குறையைச் சொல்லி முடிக்கும் கலை அந்த வார்டு மக்களுக்குக் கைவந்துவிட்டது. “எங்க தெரு, மூணாவது கம்பம், பத்து நாளா இருட்டு” என்று தந்தி போலச் சொல்லிவிட்டுப் பச்சை விழும்போது இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

பஸ்ஸில் ஏறாதவர்கள் அவர் மனைவியைத் தேடிப் போனார்கள். மனைவி ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். ஊசிக்குப் பயந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறவர்கள்கூட, திருப்பிய முகத்தோடே குடிதண்ணீர்க் குழாயைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள்.

“நான் ரத்தம் எடுக்கறவ. நீங்க என் ரத்தத்தைக் குடிக்காதீங்க” என்பார் அவர், பஞ்சை அழுத்தியபடி. ஆனாலும் சோதனைக் குழாயில் ஒட்டும் வெள்ளைச் சீட்டு ஒன்றில் தெருப் பெயரை எழுதி வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டுகளைக் கணவரின் சாப்பாட்டுத் தட்டு மூடியின் மேல் ஒட்டிவிடுவார். அவர் மூடியைப் படித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். பல நாட்கள் அந்த வீட்டில் கணவன் மனைவி பேச்சு அந்த மூடியோடு சரி. இவர் வரும்போது அவர் தூங்கியிருப்பார். அவர் எழும்போது இவர் கிளம்பியிருப்பார். மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். “உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா வீடியோவுல பாக்கணும்னா நான் எந்த அமைச்சருக்கு மனு போடணும்?” என்று கேட்பாள்.

குறை சொல்கிறவர்களில் முதலிடம் நகல் அக்காவுக்கு. அடுக்குமாடிக் கட்டடங்களில் மாடிப்படி பெருக்கித் துடைக்கிற அம்மா அவர். நாற்பது வினாடியெல்லாம் அவருக்குத் தேவையில்லை, எழுதியே கொண்டுவருவார். இரண்டு பிரதி. ஒன்றை டிரைவர் கையில் கொடுத்து, இன்னொன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நகர்வார். மழைநீர் வடிகாலின் அகலம் எத்தனை, எந்த மூடி உடைந்திருக்கிறது, போன தடவை யார் வந்து பார்த்தது என்று எல்லாமே இருக்கும். பல கூட்டங்களில் பதினாலு பேசி மற்ற கவுன்சிலர்கள் அசந்துபோன விஷயங்கள் அக்காவின் கையெழுத்தில் இருந்தவை.

இரண்டரை வருடம் அலைந்து நிழற்குடையைக் கொண்டுவந்தார். நீலக் கூரை, எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சு. முதல் மழையில் அதன் கீழே ஒரு கர்ப்பிணிப் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அன்று மதியம் மனைவியின் பரிசோதனை நிலையத்துக்கே ஓடிப்போய் ஜன்னல் வழியாகச் சொன்னார். “உக்காந்திருக்காங்கடீ!” உள்ளே கை நீட்டியிருந்த நோயாளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நாலாவது வருடம் மேயர் அம்மா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கவுன்சிலர்களுக்கு இனி முழுநேரச் சம்பளம், ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்கிற அளவு. வாங்குகிறவர்கள் வேறு வேலை பார்க்கக் கூடாது. ஒரு மாதம் கழித்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு வாக்கெடுப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அதிசயமாக ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தார்கள். அவர் துணிகளை மடித்தார், மனைவி இஸ்திரி போட்டார்.

“நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன்” என்றார் அவர்.

“ஏன்?”

“வேணாம்னு சொல்லி ஜெயிச்சவன் நான். இப்போ கையை நீட்டினா காலையில பஸ்ல ஏறுறவங்க முகத்தைப் பாக்க முடியுமா?”

“பஸ்ஸே இருக்காதே. வேலையைத்தான் விடணும்னு போட்டிருக்காங்களே.”

அவர் ஒரு சட்டையை மூன்று தடவை மடித்தார்.

“ஓஹோ, அதுதானா விஷயம்” என்றார் மனைவி. “பஸ்ஸை விட மனசு வரலை. அதுக்குக் கொள்கைன்னு பேரு வெச்சிருக்கீங்க.”

“கொள்கையும்தான்” என்றார் அவர், ரோஷத்தோடு. மனைவி சிரித்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்தது. பேச்சு அதோடு நின்றது. துணி மட்டும் மடிந்தது.

ஒன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அது நடந்தது. முந்தின நாள் வரவுசெலவுக் குழு இரவு சாப்பாட்டு நேரம்வரை இழுத்தது. வீட்டுக்கு வந்து இருநூறு பக்கக் காகிதத்தைப் படித்துவிட்டுப் படுத்தவர், நாலு மணிக்கு எழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி ஸ்டாப் நெருங்கும்போது வேகத்தைக் குறைத்தது நினைவிருந்தது. அடுத்து நினைவிருந்தது சத்தம்.

பஸ் நடைபாதையில் ஏறி, நிழற்குடையின் தூணில் முட்டி நின்றது. நீலக் கூரை ஒரு கணம் யோசித்துவிட்டு, மெதுவாகச் சாய்ந்து பஸ்ஸின் நெற்றியில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது. கீழே யாரும் இல்லை. சற்று முன்புதான் வேறொரு பஸ் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

உள்ளே இருந்த ஏழு பேருக்கும் காயம் இல்லை. நகல் அக்காவின் பையிலிருந்து தக்காளி மட்டும் பஸ் முழுக்க உருண்டது. அவர்தான் முதலில் எழுந்து ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்து, “அடிபட்டுச்சா? உங்களுக்கு?” என்று கேட்டுக்கொண்டே முன்னால் வந்தார். பதினாலு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

நடைபாதை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தூங்கிட்டேன்கா.”

“தெரியும் தம்பி. கண்ணாடியில உங்க முகத்தைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். கூப்பிடலாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள…” முந்தானையில் ஒரு தக்காளியைத் துடைத்துப் பதினாலின் கையில் கொடுத்தார். எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

எதிரே பரிசோதனை நிலையத்திலிருந்து மனைவி ஓடிவந்தார், கையுறையைக்கூடக் கழற்றாமல். கணவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறமும் கையை விடவில்லை.

மறுநாள் செய்தித்தாளில் ‘தான் கட்டிய நிழற்குடையைத் தானே இடித்தார் கவுன்சிலர்’ என்று வந்தது. டிப்போவில் விளக்கம் கேட்டபோது, “பிரேக்ல குறை இல்லை. நான் தூங்கிட்டேன்” என்றே எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் பஸ்ஸைத் தொடக் கூடாது என்றார்கள். இன்னொரு தடவை நடந்தால் வேலையே இல்லை.

வீட்டில் சும்மா இருந்த அந்த நாட்களில் முதலில் பார்க்க வந்தவர் பென்ஷன் ஐயா. ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். தேர்தலில் தோற்ற கசப்பெல்லாம் அவரிடம் எப்போதும் இருந்ததில்லை. மன்றத்தின் பார்வையாளர் வரிசையில் ஒரு கூட்டம் தவறாமல் உட்கார்ந்து, பதினாலு தப்பாகச் சொன்ன புள்ளிவிவரத்தை வெளியே வந்ததும் திருத்துவார்.

“உடம்பைப் பாத்துக்கப்பா” என்றார். “நான் அப்பவே நினைச்சேன். வேலைக்குப் போறவங்களுக்கு இது ஆகாது. என்னை மாதிரி நேரம் இருக்கறவங்க பாத்துக்க வேண்டிய காரியம்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பதினாலு தலையாட்டினார். உள்ளேயிருந்து டீ கொண்டுவந்த மனைவி மட்டும், “அப்போ நேரம் இருக்கறவங்களுக்கு மட்டும்தான் ஊரு சொந்தமா, ஐயா?” என்று கேட்டார். ஐயா டீயை ஊதிக் குடித்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தன்று மன்றத்தில் நிற்க இடமில்லை. பேசப் பெயர் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். பதினாலு தன் இருக்கையில், கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பென்ஷன் ஐயா முதலில் பேசினார். “பன்னெண்டு வருஷம் நான் இங்க இருந்தேன். ஒரு பைசா வாங்கலை. அதனாலதான் யாருக்கும் பயப்படலை. சம்பளம்னு வந்துட்டா, சம்பளத்துக்காகவே வர்றவங்க வருவாங்க. நாற்காலியை விட மனசு வராது. சேவைங்கற வார்த்தையே போயிடும்.” பலர் கைதட்டினார்கள். பதினாலும் தட்டினார். அதில் பொய் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்து நகல் அக்கா. ஒலிபெருக்கியைப் பார்த்து மிரண்டு, பிறகு அதை நம்பாமல் உரத்தே பேசினார்.

“மூணு நிமிஷம் குடுத்திருக்கீங்க. எனக்கு அதிகம். நான் சிக்னல்ல பேசிப் பழகினவ.” சிரிப்பு. “ஐயா சொன்னது சத்தியம். ஐயா ஒரு பைசா வாங்கலை. ஆனா ஐயாவுக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. எனக்கு ஒரு மணி நேரம் வேலைக்குப் போகலேன்னா அந்த ஒரு மணி நேரக் காசு வராது. இப்போ இங்க வந்து நிக்கறதுக்கே ரெண்டு கட்டடத்துப் படியைப் பெருக்காம வந்திருக்கேன். இந்த ஊர்ல எந்தச் சாக்கடை எங்க அடைக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோசனம்? உங்க நாற்காலியில உக்கார எனக்குக் கட்டுப்படி ஆகாது. நான் பேசினதை எழுதியும் கொண்டாந்திருக்கேன். ஒரு பிரதியில கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

மேயர் அம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு பட்டியலைப் பார்த்து, “அடுத்து, ரத்தப் பரிசோதனை நிலையத்திலேருந்து ஒருத்தங்க” என்றார்.

பதினாலு நிமிர்ந்து பார்த்தார். அவர் மனைவி நடந்து வந்துகொண்டிருந்தார். வேலைக் கோட்டோடேயே வந்திருந்தார். பேசப் போவதாக அவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

“என் வீட்டுக்காரரைப் பத்தி ஒரு புகார் குடுக்க வந்திருக்கேன்” என்று தொடங்கினார். மன்றம் அதிர்ந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “அவர் சம்பளமே இல்லாம உங்களுக்கு வேலை செய்யறார்னு நெனைக்கிறீங்க. அப்படி இல்லை. சம்பளம் டிப்போ குடுக்குது. பஸ் ஓட்டறதுக்காக அவங்க குடுக்கற காசுல சாப்பிட்டுட்டு, அந்தத் தெம்பை இங்க கொண்டாந்து செலவு பண்றார். பத்தாததுக்கு என் பங்கையும் எடுத்துக்கறார். அதுவும் பத்தாம அன்னிக்கு பஸ்ல இருந்த ஏழு பேரோட உசிரை எடுக்கப் பாத்தார்.”

பதினாலு கைகளை மறுபடி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“யாரோ ஒருத்தர் குடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. இலவசம்னு ஒண்ணு நடக்கவே இல்லை. எனக்கு அவரோட சம்பளம் வேணாங்க, எனக்கு அவர் வேணும். ஒண்ணு முழு கவுன்சிலரா வரட்டும், இல்ல முழு டிரைவரா வரட்டும். நாலு வருஷமா வீட்டுக்கு ரெண்டு அரை ஆளு வர்றாங்க. ரெண்டு பேருமே வந்ததும் தூங்கிடறாங்க.”

மணி அடித்தது. அவர் வணங்கிவிட்டு நேராக வெளியே போய்விட்டார், வேலை நேரத்தில் அனுமதி கேட்டு வந்தவர் என்பதால்.

வாக்கெடுப்புக்கு முன் பதினாலு எழுந்தார். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

“எனக்குச் சம்பளம் வேணாம்னு நான் வாக்குக் குடுத்தேன். அதைக் காப்பாத்தணும். ஆனா அடுத்து வர்றவங்களுக்கும் வேணாம்னு சொல்ல நான் யாரு? நமக்கு நாமே போட்டுக்கிட்டா வெளிய தலை காட்ட முடியாது. அதனால ஒரு திருத்தம். இந்தச் சம்பளம் இப்போ இருக்கற யாருக்கும் வேணாம். அடுத்த மன்றத்துலேருந்து ஆரம்பிக்கட்டும். அப்படின்னா நான் ஆதரிக்கறேன்.”

இருபத்தொரு பேரில் பதினோரு பேர் ஆதரித்துக் கை தூக்கினார்கள்.

மாலையில் மனைவி வேலை முடிந்து வெளியே வரும்போது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா?” என்றார்.

“எங்க சொல்றது? தட்டு மூடியில இடமில்லை.”

கொஞ்ச தூரம் நடந்தார்கள். “அடுத்த தடவை நிக்கப் போறீங்களா?” என்று கேட்டார் மனைவி.

“நீ என்ன சொல்றே?”

“நான் பேச வேண்டியதை ஊரு கேக்கப் பேசியாச்சு. இனி உங்க முறை.”

மூன்று வாரம் முடிந்து மறுபடி பஸ்ஸில் ஏறிய முதல் காலையில் அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. கதவு திறக்கும் அந்தப் புஸ்ஸென்ற சத்தமும், குளிரில் ஏறுகிற முதல் பயணி சொல்லும் “வந்துட்டீங்களா!”வும் போதுமாக இருந்தன. அன்றே சிக்னலில் நகல் அக்காவிடம் சொன்னார்.

“அக்கா, நீங்க நில்லுங்க.”

“நானா? எனக்குப் பேசவே தெரியாதே.”

“நாலு வருஷமா அங்க நான் பேசினதெல்லாம் யார் எழுதினது?”

பச்சை விழுந்துவிட்டது. அக்கா இடத்துக்குப் போகாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

தேர்தலிலும் அக்கா நின்றார். பென்ஷன் ஐயாவும் நின்றார், ஜெயித்தால் சம்பளத்தைத் தொட மாட்டேன் என்று அறிவித்து. தெருமுனைக் கூட்டத்தில் யாரோ அக்காவைப் பார்த்து, “சம்பளத்துக்குத்தானே நிக்கறீங்க?” என்று கேட்டார்.

“ஆமா” என்றார் அக்கா. “சம்பளம் இல்லேன்னா நின்னிருக்கவே மாட்டேன். நான் சம்பளம் வாங்கறேன், நீங்க வேலை வாங்குங்க.”

இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் ஜெயித்தார். முதலில் வந்து கை கொடுத்தவர் ஐயாதான். “வடிகால் அகலம் நீங்க எழுதினது தப்பும்மா, அரை அடி கூட” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதவியேற்பு நாளன்று பதினாலு மனைவியோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் நாற்காலியில் அக்கா உட்கார்ந்து, மேஜை இழுப்பறையைத் திறந்து பார்ப்பதைப் பார்த்தார். இழுப்பறை இழுத்தால் சிக்கும். கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். அதைச் சொல்ல மறந்துவிட்டோமே என்று நினைத்தார். இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார்.

“பொறாமையா?” என்று மனைவி காதோரம் கேட்டார்.

“கொஞ்சம்.”

“நல்லது. அது இல்லேன்னா நாலு வருஷம் அங்க சும்மா உக்காந்திருந்தீங்கன்னு ஆகும்.” அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பதினாலாம் நம்பரில்தான் ஏறினார்கள். வேறொரு டிரைவர் ஓட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. மனைவி இரண்டு ஸ்டாப் பொறுத்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி, தன் பாதத்தை அவர் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

“அவர் நல்லாத்தான் ஓட்டறார். நீங்க ஜன்னலைப் பாருங்க.”

அவர் பார்த்தார். பத்தொன்பது வருடம் சாலையை மட்டும் பார்த்தவருக்கு, கடைகளுக்கு மேலே மாடிகள் இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது. ஒரு ஜன்னலில் யாரோ வயலினைத் தலைகீழாகப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இங்க மேல பாட்டு வகுப்பு நடக்குதா?”

“பத்து வருஷமா நடக்குது” என்றார் மனைவி. “இன்னும் நிறைய இருக்கு. பேசாம பாத்துக்கிட்டு வாங்க.”